ஒரே ஊர், இரண்டு தபால்தலை: டான்சிக் பற்றிய இழை

கேள்வி. 3 ஜனவரி, மாலை 5.20

ஐயா, தாத்தாவின் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு தபால்தலைகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றில் 'டான்சிக்' என்று இருக்கிறது. இன்னொன்று போலந்துத் தலை, அதன் மேல் 'போர்ட் கதான்ஸ்க்' என்று கறுப்பில் அடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊர் என்று மாமா சொல்கிறார். ஒரு ஊருக்கு எப்படி இரண்டு தபால்துறை? தேடிப் பார்த்ததில் அங்கே 95 சதவீதம் பேர் ஜெர்மன் பேசியவர்கள் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட ஊரைப் பிரித்துச் சர்வதேச சங்கத்திடம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கொடுத்தார்கள், அதுவும் முதல் வாய்ப்பிலேயே ஹிட்லர் பக்கம் போய்விட்டது. நடக்க வேண்டியதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

3 ஜனவரி, இரவு 9.40

முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போக மனசு வரவில்லை. தம்பி, கேள்வியின் முதல் பாதி நல்ல கேள்வி. 'நடக்க வேண்டியதுதான் நடந்தது' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாமா சொன்னது சரி: ஜெர்மனில் டான்சிக், போலிஷில் கதான்ஸ்க். விஸ்துலா ஆறு பால்டிக் கடலில் சேரும் இடத்துத் துறைமுகம் அது. முதல் உலகப் போர் முடிந்து மறுபடி உருவான போலந்துக்குக் கடல்வழி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆற்றின் வாயில் இருந்த ஊரிலோ ஜெர்மானியர்களே அதிகம். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவருக்கு அநியாயம். அதனால் வெர்சாய் ஒப்பந்தத்தின் 100 முதல் 108 வரையிலான பிரிவுகளில் ஊரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். 1920 நவம்பர் 15 அன்று டான்சிக் சுதந்திர நகரம் பிறந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நிலம். 1929 கணக்கெடுப்பில் மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தாண்டியது.

சட்டமன்றம், செனட் என்கிற ஆட்சிக்குழு, நீதிமன்றம், போலீஸ் எல்லாம் ஊருக்கே சொந்தம். சுங்கம் போலந்தோடு ஒன்று. ரயில் போலந்தின் கையில். வெளிநாட்டு விவகாரத்தையும் போலந்துதான் நடத்தும். துறைமுகத்துக்கு இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் ஒரு வாரியம், தலைவர் மட்டும் வெளியாள். அரசியல் சாசனத்துக்குச் சர்வதேச சங்கம் உத்தரவாதம். சண்டை வந்தால் முதல் தீர்ப்புச் சொல்ல, சங்கம் அனுப்பிய ஹை கமிஷனர் ஊரிலேயே குடியிருப்பார்.

துறைமுகத்திலிருந்து போலந்துக்கு நேரடியாகத் தபால் அனுப்பும் உரிமையும் போலந்துக்கு இருந்தது. உங்கள் இரண்டாவது தலை அங்கிருந்து வந்தது. 1925 முதல் அந்த மேலச்சு. அதன் கதை நாளைக்கு.

4 ஜனவரி, காலை 6.15

1925 ஜனவரி 5. விடிந்தபோது டான்சிக் தெருக்களில் பத்துப் போலந்துத் தபால் பெட்டிகள் மாட்டப்பட்டிருந்தன. அன்று இரவே யாரோ அவற்றின் மேல் கறுப்பு, வெள்ளை, சிவப்பு பூசிவிட்டார்கள். பழைய ஜெர்மன் பேரரசுக் கொடியின் நிறங்கள் அவை.

இந்தப் பத்துப் பெட்டி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். போலந்துத் தபால் அதன் கட்டடத்துக்குள்ளே மட்டும்தான், தெருவில் பெட்டி வைக்கக்கூடாது, தபால்காரர் வீடு வீடாகப் போகக்கூடாது என்றது டான்சிக் செனட். ஹை கமிஷனர் மக்டோனல் டான்சிக் பக்கம் தீர்ப்புச் சொன்னார். விஷயம் சர்வதேச சங்கத்தின் தலைமையிடமான ஜெனிவாவுக்குப் போனது. ஜெனிவா அதை ஹேக் நகரத்து நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1925 மே 16 அன்று நீதிபதிகள் போலந்துக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னார்கள்: துறைமுகம் என்கிற எல்லைக்குள் பெட்டி வைக்கலாம், வீட்டில் கொண்டுபோயும் கொடுக்கலாம். சரி, துறைமுகம் எந்தத் தெருவோடு முடிகிறது? அதற்கு நிபுணர்களை வைத்து வரைபடத்தில் கோடு போட வேண்டி வந்தது.

ஒரு தபால் பெட்டிக்கு இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஊரில் ஒரு புதுப் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு தெரு, இரண்டுக்கும் பல வருடப் பகை. கடைசியில் முச்சந்தி டீக்கடை ஓரமாக மாட்டினோம். நாலாம் நாள் காலையில் தபால் எடுக்கப் போனவர் திரும்பி வந்து, பெட்டி முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது என்றார். நானே போய்த் தேங்காய் நாரால் தேய்த்தேன். போடும் வாயில் உறைந்திருந்தது மட்டும் போகவில்லை, சாவியை வைத்துச் சுரண்டினேன். சுற்றி நின்றவர்களில் யாருக்கும் கடிதம் பற்றிக் கவலை இல்லை. இந்த முச்சந்தி எந்தத் தெருவைச் சேர்ந்தது, அதுதான் பேச்சு. டான்சிக் பெட்டிகளைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது அந்தச் சுண்ணாம்பு வாசனைதான் மூக்கில் வந்தது.

4 ஜனவரி, மதியம்

போலந்து மட்டும் வம்புக்கு அலைந்தது என்று காலையில் எழுதியதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1920 கோடையில் சோவியத் செஞ்சேனை போலந்துத் தலைநகர் வார்சாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, போலந்துக்கு வந்த வெடிமருந்தை டான்சிக் துறைமுகத் தொழிலாளர்கள் இறக்க மறுத்தார்கள். உயிர் போகிற நேரத்தில் நம் வாசல் நமக்குத் திறக்காது என்று போலந்து அன்று புரிந்துகொண்டது. பக்கத்திலேயே கதினியா என்கிற மீன்பிடி கிராமத்தில் சொந்தத் துறைமுகம் கட்டியது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கிராமம் டான்சிக்கைச் சரக்கில் முந்தியது. அப்புறம் 'எங்கள் பிழைப்பில் மண் போட்டுவிட்டார்கள்' என்று டான்சிக்காரர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

5 ஜனவரி, இரவு 10.05

இப்போது அந்த 'முதல் வாய்ப்பிலேயே'.

1933 மே 28 தேர்தலில் நாஜிகளுக்கு ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேல், 72 இடத்தில் 38. ஆட்சி கிடைத்துவிட்டது. ஆனால் சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 48 இடம். திருத்தினாலும் சர்வதேச சங்கம் ஒப்ப வேண்டும். அந்த 48-ஐப் பிடிக்கத்தான் 1935 ஏப்ரல் 7 அன்று மறுபடி தேர்தல் வைத்தார்கள். பெர்லினிலிருந்து கோயபல்ஸ், கோரிங், ஹெஸ் எல்லாரும் வந்து பேசினார்கள். எதிர்க்கட்சிப் பத்திரிகைகளுக்குத் தடை, கூட்டங்களில் அடிதடி, ஊர் முழுக்க ஒரே கொடி.

கிடைத்தது 59 சதவீதம், 43 இடம். ஐந்து இடம் குறைவு.

தம்பி, இந்த எண்ணை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். அடி விழும் என்று தெரிந்து, வேலை போகும் என்று தெரிந்து, நூற்றில் நாற்பது பேர் மாற்றிப் போட்டார்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 12, கத்தோலிக்க மையக் கட்சிக்கு 10, பழமைவாத தேசியவாதிகளுக்கு 3, கம்யூனிஸ்டுகளுக்கு 2, போலந்துக்காரர்களுக்கு 2. போலந்து வாக்கு மூன்றரை சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆக அந்த நாற்பதில் பெரும்பகுதி ஜெர்மன் பேசியவர்கள்தான். 95 சதவீதம் ஜெர்மன் என்றால் 95 சதவீதம் ஹிட்லர் என்று கணக்குப் போடுவது அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம்.

நாஜி செனட்டின் முதல் தலைவர் ரவுஷ்னிங்கே கட்சியோடு முறித்துக்கொண்டு 1934 நவம்பரில் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் கிரெய்சர். கட்சியின் பிடி உள்ளூர் நாஜித் தலைவர் ஃபோர்ஸ்டர் கையில்.

6 ஜனவரி, காலை

தேர்தல் முடிந்த ஒரு மாதத்துக்குள் என்ன ஆனது என்பதை எழுத மறந்தேன். டான்சிக்குக்கு 1923 முதல் சொந்தப் பணம், குல்டன். 25 குல்டன் ஒரு பிரிட்டிஷ் பவுண்டு. 1935 மே மாதத்தில் அதன் மதிப்பை 42 சதவீதத்துக்கு மேல் ஒரே அடியாகக் குறைத்தார்கள். கை நிறைய வேலை என்று செலவழித்து ஓட்டுக் கேட்டவர்கள் கஜானா காலியானதும் சேமிப்பில் கைவைத்தார்கள். கோடையில் சுங்கத்தை வைத்துப் போலந்தோடு பெரிய தகராறு. மூன்று வாரத்தில் செனட்தான் இறங்கி வந்தது.

அந்தக் காலத்துப் பத்து ஃபென்னிக் (குல்டனின் சில்லறை) காசு ஒன்று என்னிடம் இருக்கிறது, 1932 வருடத்தது. ஒரு பக்கம் காட் மீன். செதில், துடுப்பு, தாடையின் கீழ் தொங்கும் சின்ன மீசை வரை வெட்டியிருக்கிறார்கள். ராஜா தலையும் இல்லை, கழுகும் இல்லை, மீன். தன்னை ஒரு தனி ஊராக நினைக்கப் பழகிக்கொண்டிருந்த ஊர் அது என்று அந்தக் காசைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

6 ஜனவரி, இரவு

ஒரு நண்பர் கேட்கிறார்: ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையில் உள்ள 'சார்' (Saar) பகுதியும் சர்வதேச சங்கத்தின் கீழ்தான் இருந்தது, 1935 ஜனவரி 13 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனிக்கே போட்டார்களே, டான்சிக் மட்டும் என்ன?

நல்ல கேள்வி. ஆனால் அங்கே கேட்டதே எந்த நாட்டோடு சேருவது என்றுதான். டான்சிக்கில் கேட்டது யார் ஆளுவது, எந்தச் சட்டப்படி ஆளுவது என்று. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சார் வாக்கெடுப்புக்குச் சங்கம் 3,300 வீரர்களை அனுப்பியது. பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து என்று நாலு நாட்டுப் படை. டான்சிக்குக்கு ஒரு வீரர்கூடப் போகவில்லை. ஹை கமிஷனரிடம் இருந்தது ஒரு வீடு, ஒரு தட்டச்சு இயந்திரம், ஜெனிவாவுக்கு அறிக்கை எழுதும் உரிமை.

7 ஜனவரி, காலை 7.00

திருத்தம். 'ஒரு வீரர்கூட' என்று எழுதியது தவறு. 1920 தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் டான்சிக்கில் இருந்தன. சுதந்திர நகரம் பிறந்ததும் கிளம்பிவிட்டன. நாஜிகள் வந்த பிறகு யாரும் வரவில்லை, அதைத்தான் சொல்ல நினைத்தேன். வெஸ்டர்பிளாட்டே முனையில் போலந்துக்கு ஒரு வெடிமருந்துக் கிடங்கும், அதைக் காக்க 88 பேரும் இருந்தார்கள். அது போலந்தின் காவல்.

8 ஜனவரி, மாலை

ஷான் லெஸ்டர். இந்தப் பெயரை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன்.

அயர்லாந்துக்காரர், பத்திரிகையாளராக இருந்தவர், 1934 தொடக்கத்தில் டான்சிக் ஹை கமிஷனராக வந்தார். சின்ன நாட்டு ஆள், வம்புக்குப் போகமாட்டார் என்று பலர் நினைத்திருக்கலாம். அவரோ சாசனத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். அதற்கு எதிராக எது நடந்தாலும் எழுதினார்.

1935 ஆகஸ்டில் செனட் இரண்டு ஆணைகள் போட்டது. சட்டத்தில் இல்லாத செயலாக இருந்தாலும், 'மக்களின் ஆரோக்கியமான உணர்வு' தண்டிக்கச் சொன்னால் நீதிபதி தண்டிக்கலாம் என்று அர்த்தம். மூன்று எதிர்க்கட்சிகள் சேர்ந்து மனுக் கொடுத்தன. பழமைவாதிகளும் கத்தோலிக்கர்களும் சோஷலிஸ்டுகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனு லெஸ்டர் வழியாக ஜெனிவா போய், ஹேக் போய், 1935 டிசம்பர் 4 அன்று பதில் வந்தது: இவை சாசனத்துக்கு விரோதம். ஒரு மனிதன் தான் செய்வது குற்றமா இல்லையா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும், நீதிபதியின் உணர்வை அவன் எப்படி அறிவான் என்பதே சாரம். செனட் அடுத்த வருடத் தொடக்கத்தில் அவற்றை விலக்கிக்கொண்டது.

அதாவது வேலை செய்தது! காகிதம்தான், ஆனாலும் வேலை செய்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் 'நடக்க வேண்டியதுதான் நடந்தது' என்கிற பேச்சு எனக்கு வலிக்க ஆரம்பித்தது.

9 ஜனவரி, இரவு 11.30

தொடர்ச்சி. 1936 மார்ச்சில், ஜெர்மனி படை வைக்கக்கூடாது என்று தடை இருந்த ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படை அனுப்பினார், யாரும் தடுக்கவில்லை. டான்சிக் நாஜிகளுக்கு அது போதும். ஜூனில் 'லைப்சிக்' என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது. வழக்கப்படி ஹை கமிஷனரைப் போய்ப் பார்க்க வேண்டிய அதன் தலைவர், மேலிடத்து உத்தரவு என்று மறுத்தார். ஜூலை 4 அன்று ஜெனிவாவில் சங்கத்தின் கவுன்சில் முன்னால் கிரெய்சர் பேசினார். சங்கம் இனி ஹை கமிஷனரையே அனுப்ப வேண்டாம் என்கிற தொனி. முடித்துவிட்டு நாஜி வணக்கம் வைத்தார். பத்திரிகையாளர் வரிசையிலிருந்து சிரிப்பு எழவே, மூக்கில் விரல் வைத்து அவர்களைப் பழித்துக் காட்டினார். கவுன்சில் அதைக் கண்டுகொள்ளவில்லை. முந்தின நாள்தான் அதே ஊரில், சங்கத்தின் பேரவை நடந்துகொண்டிருந்தபோது, யூதப் பத்திரிகையாளர் ஷ்டெஃபான் லுக்ஸ் ஜெர்மனியில் தம் மக்கள் படும் பாட்டை உலகம் கவனிக்கட்டும் என்று தன்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் புது ஆணைகள். லெஸ்டரின் வீட்டு வாசலில் 'பாதுகாப்புக்கு' என்று போலீஸ். மனுவோடு வருகிறவர்களை அந்தப் போலீஸ்தான் பிடித்தது. வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்து என்ன? அக்டோபரில் சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. 1937-ல் தேசியவாதிகள், பிறகு மையக் கட்சி. சங்கம் லெஸ்டருக்கு ஜெனிவாவில் துணைப் பொதுச்செயலாளர் பதவி கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டது. அடுத்து வந்த சுவிஸ்காரர் பர்க்ஹார்ட்டிடம் உள் விவகாரத்தில் தலையிடாமல் இருக்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

10 ஜனவரி, காலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். இரண்டு விஷயம் மனசை உறுத்துகிறது.

ஒன்று, லெஸ்டரை மட்டும் நாயகனாக நிறுத்திவிட்டேன். அவருக்குச் சம்பளம் இருந்தது, தூதர் அந்தஸ்து இருந்தது, திரும்பிப் போக ஊர் இருந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது எதுவும் இல்லை. ஜெனிவா இருக்கிறது என்று நம்பித்தான் அவர்கள் பெயரை எழுதினார்கள். ஜெனிவா பின்வாங்கிய அன்று அந்தப் பெயர்ப் பட்டியல் போலீஸிடம் இருந்தது. காப்பாற்றுவேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர்களில் பலர் வாயைத் திறந்தே இருக்க மாட்டார்கள். உத்தரவாதம் கொடுத்துவிட்டு விலகுவது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

இரண்டு, போலந்தின் பங்கு. 1934 ஜனவரி 26 அன்று ஹிட்லரோடு ஆக்கிரமிப்பு இல்லா ஒப்பந்தம் போட்ட பிறகு, வார்சா டான்சிக் தகராறுகளை நாஜி செனட்டோடு நேரடியாகப் பேசித் தீர்க்கவே விரும்பியது. தன் தபாலும் ரயிலும் சுங்கமும் பத்திரமாக இருந்தால், ஊருக்குள் ஜெர்மன் எதிர்க்கட்சிகளுக்கு என்ன ஆனால் என்ன என்று இருந்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அதே தபால் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தது.

12 ஜனவரி

யூதர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். தள்ளிப்போட்டேன், அதுதான் உண்மை.

ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1938 நவம்பரில் சுதந்திர நகரத்துக்குள்ளேயே இருந்த சொப்பாட்டிலும் லாங்ஃபுரிலும் ஜெபக்கூடங்கள் தாக்கப்பட்டன. அதே மாதம், யூதர்களின் உரிமைகளைப் பறித்த ஜெர்மனியின் நியூரம்பர்க் சட்டங்கள் டான்சிக்கிலும் வந்தன, சங்கத்தின் உத்தரவாதம் காகிதத்தில் அப்படியே இருக்கும்போதே. ஊரைவிட்டுப் போக வழிச்செலவுக்குப் பணம் திரட்ட, சமூகத்தார் தங்கள் பெரிய ஜெபக்கூடத்தையே விற்றார்கள். 1939 மே மாதம் அதை இடிக்கும் வேலை ஆரம்பித்தது. வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள், தோரா சுருள்கள் எல்லாவற்றையும் பத்துப் பெட்டிகளில் கட்டி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பதினைந்து வருடத்துக்குள் டான்சிக்கில் யூதர்கள் பாதுகாப்பாகவும் சுதந்திரமாகவும் வாழும் நிலை வந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே இருக்கட்டும். இன்றும் நியூயார்க்கில்தான் இருக்கின்றன.

ஆயிரக்கணக்கான பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வரும் முகவரியை அப்படி எழுதிய பார்சல் என் கையில் வந்ததில்லை.

15 ஜனவரி, இரவு

மகள் வார்சாவில் வேலை பார்க்கிறாள். 2019 கோடையில் போயிருந்தபோது ரயிலில் கதான்ஸ்க் கூட்டிப் போனாள். நேராகப் பழைய போலந்துத் தபால் நிலையம் போகலாம் என்றேன். செங்கல் கட்டடம். முன்னால் உலோகத்தில் ஒரு நினைவுச்சின்னம்: விழுந்து கிடக்கும் தபால்காரர், அவர் பையிலிருந்து சரியும் கடிதங்கள், மேலே வெற்றித் தேவதை அவரிடம் துப்பாக்கியை நீட்டுகிறாள். துப்பாக்கியை நான் பார்க்கவில்லை, கடிதங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பை சரிந்தால் கடிதம் அப்படித்தான் விழும், விசிறி மாதிரி, மேல் கட்டு முதலில்.

1939 செப்டம்பர் 1 விடியற்காலையில், நல்லெண்ண வருகை என்று சொல்லி ஒரு வாரம் முன்பு வந்து நின்ற 'ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன்' கப்பல் வெஸ்டர்பிளாட்டே மீது சுட ஆரம்பித்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் நாஜிகள் தபால் நிலையத்தையும் சுற்றி வளைத்தார்கள். உள்ளே ஐம்பது பேருக்குச் சற்று அதிகம். பதினாலு மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் வளைத்தவர்கள் கீழ்த்தளத்துக்குள் பெட்ரோலை இறைத்துத் தீ வைத்தார்கள். வெள்ளைக் கொடியோடு முதலில் வெளியே வந்த தபால் இயக்குநர் மிகோனைச் சுட்டார்கள். உள்ளே இருந்த பத்து வயதுப் பெண் குழந்தை தீக்காயத்தில் சில வாரம் கழித்து இறந்தாள். பிடிபட்டவர்களில் 38 பேரை அக்டோபர் 5 அன்று சுட்டுக் கொன்றார்கள். தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தவறு என்று ஜெர்மனியின் லூபெக் நீதிமன்றம் ரத்து செய்யத் தொண்ணூறுகளின் பிற்பகுதி ஆகிவிட்டது.

கதான்ஸ்க் மாநகர மன்றக் கட்டடத்தில் ஓர் அறைக்கு 2010-ல் லெஸ்டர் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அது தெரியாது. தெரிந்திருந்தால் வெளியே நின்றாவது பார்த்திருப்பேன்.

16 ஜனவரி, காலை 6.40

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பக்கத்தின் அடியில், ஜெர்மனி என்று தாத்தா பென்சிலில் எழுதியிருக்கும் மூன்றாவது தலையும் டான்சிக்குடையதுதான். மேலே 'டாய்ச்சஸ் ரைக்' என்று அடித்திருக்கிறது அல்லவா? 1939 செப்டம்பர் கடைசியில், மிச்சம் இருந்த டான்சிக் தலைகளின் மேல் ஜெர்மனி அப்படி அடித்து விற்றது.

பென்சில் எழுத்தை அழிக்க வேண்டாம். தலையையும் உரிக்க வேண்டாம், அதை ஆல்பத்தில் பிடித்திருக்கும் சின்ன ஒட்டுத்தாள் (ஹிஞ்ச்) பழையது, பின்பக்கக் கோந்தோடு கிழிந்துவிடும். முத்திரை இடது மூலையில் பாதிதான் விழுந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், தேதி படிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.